மவுஸ் தானாக நகரும்போது

மைசூரு விஜயநகரில் உள்ள ஓர் அலுவலகத்தின் நிர்வாகத்தாருக்கு,

அலுவலகக் கணினிகளை வெளியிலிருந்தே பராமரிக்க மென்பொருள் வாங்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டோம். கொட்டேஷன்களில் விலை குறைந்ததை டிக் அடிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இன்றைய நிலை என்ன? எல்லாக் கணினியிலும், வெளியிலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருள். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட். அதுவும் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய சீட்டில். டேலியில் வவுச்சர் போடும்போதே மவுஸ் தானாக நகர்கிறது. ‘சர்வீஸ் பையன் பார்க்கிறான்’ என்று எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். பார்ப்பது அவன்தானா என்று யாரும் கேட்பதில்லை. தவிர, எனிடெஸ்கின் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், அலுவலகத்துக்கு இல்லை.

இந்த வழியில் வரும் ஆபத்துக்கு ஓர் உதாரணம்: 2021 ஜூலையில் கசேயா என்ற நிறுவனத்தின் தொலைநிர்வாக மென்பொருளில் இருந்த ஓட்டை வழியே ரான்சம்வேர் கும்பல் ஒன்று புகுந்தது. சுமார் 1,500 நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டன. ஸ்வீடனின் கூப் கடைகளில் பில் போடும் இயந்திரங்கள் முடங்க, நூற்றுக்கணக்கான கிளைகளுக்கு ஷட்டர் இறங்கியது. இத்தனைக்கும் அந்த மென்பொருளை வாங்கியது கூப் அல்ல, அவர்களுக்குச் சேவை செய்த ஒப்பந்ததாரர். நீங்களும் ஒப்பந்ததாரரை நம்பித்தான் இருக்கிறீர்கள்.

நம்மூர்ச் சரக்கு என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. சென்னை ஸோஹோவின் டெஸ்க்டாப் சென்ட்ரலில் (இப்போது எண்ட்பாயிண்ட் சென்ட்ரல்) 2020 மார்ச்சில் ஒரு பெரிய ஓட்டை அம்பலமானது. ஓரிரு நாளில் பேட்ச் வந்தது. ஆனால் ஹேக்கர்களும் அதே வாரத்தில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். எங்களைக் கேட்டால், ஓட்டையே வராத மென்பொருளைத் தேடுவது வீண். பேட்ச் வந்தால் அன்றே போட உங்களிடம் ஆள் உண்டா என்று பாருங்கள். மெஷ்சென்ட்ரல் போன்ற ஓப்பன் சோர்ஸ் கருவிக்குக் காசு வேண்டாம், சர்வரும் உங்கள் கையில் இருக்கும். ஆனால் அதைக் கவனிக்க ஆளில்லாவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எந்த மென்பொருளை வாங்கினாலும், ஓடிபி இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. திரையில் ‘அனுமதிக்கலாமா?’ என்று கேட்ட பிறகே இணைப்பு கிடைக்க வேண்டும். யார், எப்போது வந்தார் என்ற லாக் 180 நாள் இருக்க வேண்டும். ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டும் அந்த அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவில் உள்ளவை.

டெமோ காட்ட வருபவரிடம், வேலையை விட்டுப்போன டெக்னீஷியனின் அனுமதியை ரத்து செய்ய எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டு, செய்தும் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தம் போடும் நாளிலேயே பழைய எனிடெஸ்கை எல்லாக் கணினியிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அந்தச் சீட்டையும் கிழித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு