அந்த நாலு நாற்காலி இருக்கட்டும்

வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சும் மண்டபத்து ஓரத்துல அதே நாலு பாட்டிமார் உட்கார்ந்திருக்காங்க. "புது ஆளுங்களோட பழக மாட்டேங்கிறாங்க, பாவம்"னு சிலர் சொல்றாங்க. பாவம் எதுக்கு?

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் இதைப் பல வருஷமா ஆராய்ஞ்சிருக்காங்க. மிச்சக் காலம் குறைவுன்னு தெரியும்போது மனுஷன் நெருக்கமானவங்களை மட்டும் பக்கத்துல வச்சுக்கிறான். வட்டம் சுருங்குது, மனசு வாடல. 2020 ஏப்ரல்ல, கோவிட் நேரத்துல அங்கே கேட்டப்பகூட, இளசுகளைவிடப் பெரியவங்க மனநிலைதான் நல்லா இருந்துச்சாம்.

ஆனா அவங்களா சுருக்கிக்கிறது வேற, தோழிகள் தவறிப்போய் ஒருத்தர் மட்டும் மிஞ்சறது வேற. நாங்க கவலைப்படறது அவங்களுக்குத்தான். ஆட்டம்பாட்டம் ஏற்பாடு பண்றதுக்கு முன்னாடி, கார் வச்சிருக்கவங்க ஒரு பாட்டியை அவங்க தோழி வீட்டுல கொண்டுபோய் விடுங்களேன். நாற்காலியை ஒன்பது மணிக்கே அடுக்காதீங்க. நாங்க பிறகு அடுக்கிக்கிறோம்.