புல்வெட்டும் பொறி

இடவப்பாதி மழை தொடங்கிய சில வாரங்களில் கழக்கூட்டத்தின் வழியோரங்களில் புல் முழங்காலளவு வளர்ந்துவிடும். அதை வெட்ட வருபவரின் தோளில் பெட்ரோல் பொறி தொங்கும். இவற்றுள் பல, எண்ணெய் கலந்த பெட்ரோலில் இயங்கும் டூ ஸ்ட்ரோக் பொறிகள். எரிபொருளில் ஒரு பகுதி எரியாமலேயே புகையோடு வெளியேறுகிறது. இலைகளை ஊதித் தள்ளும் பெட்ரோல் கருவி ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் புகைப்பனி மாசு, மகிழுந்து ஒன்று ஏறத்தாழ 1,770 கிலோமீட்டர் ஓடுவதற்கு ஈடு என்று கலிபோர்னியக் காற்றுவள வாரியம் கணக்கிட்டது. அம்மாநிலம் 2021இல் இத்தகைய புதிய பொறிகளைப் படிப்படியாக விலக்கச் சட்டமும் இயற்றியது.

புகையையும் இரைச்சலையும் எல்லாருக்கும் முன்னே ஏற்பவர் பொறியைச் சுமக்கும் தொழிலாளியே. ஆயினும், மின்கலக் கருவியை உடனே வாங்குமாறு அவரிடம் கட்டளையிடுவது முறையன்று. அதன் விலை மிகுதி. ஈரப்புல்லை வெட்டும்போது மின்னேற்றமும் விரைவில் தீரும். மாற்று மின்கலம் இன்றி ஒரு நாள் வேலை முடியாது.

ஆகவே, 1990இல் தொடங்கப்பெற்ற டெக்னோபார்க் போன்ற பெரிய வளாகங்களே முதலில் மாற வேண்டும். அங்கே மின்சாரம் உண்டு. கருவிகளை நனையாமல் வைக்க இடமும் உண்டு. வளாகமே கருவியை வாங்கி, மின்னேற்றிய இரண்டு மூன்று மின்கலங்களோடு தொழிலாளியிடம் தரலாம். புதர் மண்டிய சரிவுகளுக்குப் பெட்ரோல் பொறி இன்னும் சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போகட்டும். பழுதான மின்கலத்தைக் குப்பையில் எறியாமல் திருப்பித் தரவேண்டும். 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன.