இனாம் குறியீட்டின் விலை யார் தலையில்?

இனாமாக ஒரு பொருள் கைக்கு வருமாயின், அதன் விலையை வேறெவரோ வேறெப்போதோ கொடுத்தே தீரவேண்டும் என்பது வியாபார உலகின் பழைய விதி. விதைப்புக் காலத்திற் கேளாமலே நெல்லும் உரமும் கொண்டுவந்து இறக்கும் முதலாளி, சூடடிப்புக் காலத்திற் களத்துமேட்டில் வந்து நிற்பான் என்பதை எமது கமக்காரருக்கு எவரும் போதிக்கவேண்டியதில்லை. அந்த விவேகத்தை நாம் வயல் வரம்போடு நிறுத்திவிடலாகாது. வீட்டுத் திண்ணையிலே கைத்தொலைபேசியை ஏந்தியிருக்கும் பிள்ளையின் பக்கமும் அதனைத் திருப்பவேண்டிய காலம் வந்துவிட்டது.

அப்பிள்ளை ஆடும் இணைய விளையாட்டுக்குள்ளே ஓர் இனாம் விநியோகம் நடைபெறுகின்றது. எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு குறியீட்டை விளையாட்டு நிறுவனம் வெளியிடும். அதனைத் தேடிக் கண்டுபிடித்து, உரிய இடத்திற் பதிவோருக்கு விளையாட்டினுள்ளே பரிசு கிடைக்கும். பிள்ளைகள் இதனை ‘ரிடீம் கோட்’ என்பர். ‘விளையாட்டுப் பிள்ளைகளின் சமாசாரத்துக்கு ஓர் அரசியற் பத்திரிகையில் இடமா?’ என்று கேட்போரும் இருக்கலாம். திருடன் நுழையும் வழி எதுவாயினும் அது வீட்டுக்காரனின் சமாசாரமே என்பதுதான் அவர்களுக்கு நாம் கூறும் விடை.

எமது நாட்டுச் சிறுவர்க்கும் பழக்கமான ‘பிரீ பயர்’ என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் 2009 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கரீனா என்னும் நிறுவனம் இதனை 2017 இல் வெளியிட்டது. விலை குறைந்த கைத்தொலைபேசியிலும் ஓடுமாறு அமைக்கப்பட்டமையால், வசதி குறைந்த நாடுகளில் அது விரைந்து பரவிற்று. 2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், நாளொன்றுக்கு இதனை ஆடியோர் தொகை 15 கோடியை எட்டியது. விளையாட்டை இறக்கிக்கொள்வதற்குக் காசு வேண்டியதில்லை. உள்ளே நுழைந்தபின்னரே கடை தென்படும். வீரனுக்கு அணியும் உடை, துப்பாக்கிக்குப் பூசும் அலங்காரம் முதலியவற்றை வாங்க ‘வைரம்’ வேண்டும். வைரம் வாங்கக் காசு வேண்டும். காசில்லாத பிள்ளை குறியீட்டைத் தேடிப் புறப்படுகின்றான்.

அக்குறியீடு 12 அல்லது 16 எழுத்துக்களைக் கொண்டது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்களும் இலக்கங்களும் கலந்தது. போட்டிகளின் நேரடி ஒளிபரப்பு, விழாக்காலம் முதலியவற்றை ஒட்டி நிறுவனம் இவற்றை வெளியிடுகின்றது. ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு உண்டு. ஒரு பிராந்தியத்துக்கென வெளியிட்டது மற்றொரு பிராந்தியத்திற் செல்லாது. விருந்தினர் கணக்கில் ஆடுவோர் பரிசைப் பெறமுடியாது. விளையாட்டுக் கணக்கைப் பேஸ்புக், கூகிள் போன்ற ஏதேனுமொரு கணக்கோடு இணைத்திருத்தல் வேண்டும். குறியீட்டைப் பதிவதற்கு விளையாட்டை விட்டு வெளியேறி, நிறுவனத்தின் தனியானதோர் இணையத்தளத்துக்குச் சென்று, அங்கே அந்தக் கணக்கின் வழியாக உள்நுழைதல் வேண்டும். இந்தக் கடைசி விதியை வாசகர்கள் மனத்திற் குறித்துக்கொள்வார்களாக. கேட்டின் வேர் அங்கேதான் இருக்கின்றது.

முதலில், இனாமாகக் கிடைப்பது எவ்வளவு என்பதை அளந்து பார்ப்போம். இதற்கு மற்றொரு விளையாட்டின் கணக்கு நமக்கு உதவும். சீனாவின் ஷாங்காய் நகரத்து மிஹோயோ நிறுவனம் 2020 செப்டெம்பரில் வெளியிட்ட ‘கென்ஷின் இம்பாக்ட்’ என்னும் விளையாட்டில், பரிசுச் சீட்டு இழுப்பதற்கான நிகழ்தகவுகளை நிறுவனமே அறிவித்திருக்கின்றது. புதிய பதிப்பு ஒன்று வருமுன்னர் நடைபெறும் ஒளிபரப்பில் 3 குறியீடுகள் வெளியாவது அதன் வழக்கம். அவை குறுகிய காலத்திற் காலாவதியாகும். மூன்றையும் தவறாது பதிந்தவனுக்கு 300 மணிகள் கிடைக்கும். சீட்டை ஒருமுறை இழுக்க 160 மணிகள் வேண்டும். ஆகவே இருமுறை இழுப்பதற்கு 20 மணிகள் குறையும். மிக அரிய பாத்திரம் ஒன்று ஓர் இழுப்பில் விழுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 0.6 மாத்திரமே. 90 ஆவது இழுப்பில் அத்தரத்துப் பாத்திரம் ஒன்று நிச்சயம் என்பது விதி. அதற்கு வேண்டிய மணிகள் 14,400. ஆறு வாரத்துக்கொரு முறை வரும் இந்த ஒளிபரப்புக் குறியீடுகளை மாத்திரம் நம்பியிருப்பவன், 48 ஒளிபரப்புக்களுக்கு, அதாவது ஐந்தரை ஆண்டுகளுக்குக் காத்திருக்கவேண்டும். பிற வழிகளாலும் மணிகள் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அவ்வழிகளெல்லாம் நாள்தோறும் வந்து நேரத்தைக் கொட்டுவோருக்கே திறந்தவை. பொறுமை இழந்தவனுக்குக் கடை பக்கத்திலேயே திறந்திருக்கின்றது.

காலக்கெடு வைப்பதன் இரகசியமும் இதுவே. இன்று வராவிட்டால் நாளை கிடையாது என்னும் அச்சம் பிள்ளையை நாள்தோறும் இழுத்து வருகின்றது. இதனை நாம் தருமம் என்று அழைத்தால், தூண்டிற்காரனை மீனுக்கு அன்னமிடும் வள்ளல் என்றும் அழைக்கவேண்டியிருக்கும்.

இவ்வளவோடு நின்றிருந்தால், நேரம் வீணாகின்றது என்று கவலைப்பட்டு அமைந்துவிடலாம். ஆனால் தூண்டிற்காரன் ஒருவனல்லன். குறியீட்டைத் தேடும் பிள்ளை இணையத்தில் முதலிற் காண்பது ‘இன்றைய குறியீடுகள்’ என்று நாள்தோறும் பட்டியல் வெளியிடும் தளங்களை. அயல்நாட்டுச் செய்திப் பத்திரிகைகள் சிலவுங்கூட இத்தொழிலில் இறங்கியிருக்கின்றன. அப்பட்டியல்களிற் காலங்கடந்த குறியீடுகளும் வேற்றுப் பிராந்தியத்துக் குறியீடுகளும் மலிந்துள்ளன. பிள்ளை ஒவ்வொன்றாகப் பதிந்து ஏமாறும்போது, பட்டியல் வெளியிட்டவனுக்கு விளம்பரக் காசு சேர்ந்துவிடுகின்றது.

அதற்கு அடுத்த படியில் நிற்பவன், ‘குறியீடு உற்பத்தி செய்யும் இயந்திரம் என்னிடம் உண்டு’ என்று கூவுகின்றான். படித்த பிள்ளைகளும் இதற்கு மயங்குகின்றார்கள். கணக்கறிந்தோர் இதனைச் சிறிது சிந்திப்பார்களாக. 26 எழுத்துக்களும் 10 இலக்கங்களும் ஆக 36 குறிகளைக் கொண்டு 12 இடங்களை நிரப்பினால் உண்டாகக்கூடிய சேர்க்கைகள் ஏறத்தாழ 47,000 கோடி கோடி. வினாடிக்கு ஆயிரம் வீதம் ஓய்வின்றிப் பரீட்சித்தாலும் அத்தனையையும் முடிக்க 15 கோடி ஆண்டுகள் செல்லும். ஊகத்தினாற் குறியீடு பிறப்பதில்லை. நிறுவனம் வெளியிட்டால் உண்டு, இல்லையேல் இல்லை. ஆதலின் இயந்திரம் வைத்திருப்பதாகக் கூறுபவன் பொய்யன் என்பதில் ஐயமில்லை. அவன் வேண்டுவது வேறொன்று. ‘நீ மனிதன்தான் என்பதை நிரூபி’ என்று கூறிப் பிள்ளையிடம் தொலைபேசி இலக்கத்தை வாங்குகின்றான். இனந்தெரியாத செயலியை இறக்கச் செய்கின்றான். ஈற்றிற் கடவுச்சொல்லைக் கேட்கின்றான்.

பிள்ளை ஏன் அதனைக் கொடுக்கின்றான்? அறிவில்லாமையாலா? அன்று. உண்மையான நிறுவனமே அவனை அவ்வாறு பழக்கி வைத்திருக்கின்றது! விளையாட்டை விட்டு வெளியே வா, ஓர் இணையத்தளத்தைத் திற, பேஸ்புக் வழியாகவோ கூகிள் வழியாகவோ உள்நுழை, குறியீட்டைப் பதி, பரிசைப் பெறு என்று அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது யார்? கள்வன் செய்தது அந்தத் தளத்தைப் போலவே மற்றொரு தளத்தை அமைத்தது மாத்திரமே. ஒரே நிறம், ஒரே சின்னம், ஒரே பெட்டி. முகவரியில் ஓர் எழுத்து வேறுபட்டிருப்பதைப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் கண்டுபிடிக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

இதற்கு மாற்று வழி இல்லையென்று எவரும் கூறமுடியாது. மேலே குறிப்பிட்ட கென்ஷின் விளையாட்டிற் குறியீட்டை விளையாட்டினுள்ளேயே பதியும் வசதி உண்டு. ஏற்கெனவே உள்ளே இருக்கும் பிள்ளை கடவுச்சொல்லை மீண்டும் எங்கும் கொடுக்கவேண்டியதில்லை. ஒருவரால் இயலுவது மற்றவராலும் இயலும். இயலுமாயிருந்தும் செய்யாதிருப்பவர், விளையும் கேட்டில் தமக்குப் பங்கில்லை என்று கைகழுவுதல் ஆகாது.

இழப்பு விளையாட்டுக் கணக்கோடு முடிவதுமன்று. எமது வீடுகளிற் பிள்ளைக்கென்று தனித் தொலைபேசி இருப்பது எல்லார்க்கும் இயல்வதன்று. தந்தையின் தொலைபேசியே மகனின் விளையாட்டுக் களம். அதே கருவியிலேதான் வங்கிக் கணக்கின் செயலியும், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணும், வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணத்தின் செய்தியும் இருக்கின்றன. வைரத்தைத் தேடிப் போன பிள்ளை, தான் அறியாமலே வீட்டின் திறவுகோலைக் கொடுத்துவிட்டு வருகின்றான்.

‘பெற்றோர் கவனித்திருக்க வேண்டும்’ என்று கூறி ஒதுங்குவோர் உண்டு. பெற்றோருக்குக் கடமை இருக்கின்றது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், பொழுது விடியுமுன் தோட்டத்துக்கு இறைக்கச் செல்லும் தந்தையும், கந்தோரிலிருந்து இருட்டியபின் வீடு திரும்பும் தாயும், சிங்கப்பூரிலும் ஷாங்காயிலும் பல நூறு வல்லுநர் கூடி அமைத்த பொறியைத் தனித்து நின்று அவிழ்க்கவேண்டும் என்பது நீதியாகுமா?

எம்மவரில் முதியோருக்குக் கூப்பன் என்றவுடன் அரிசிக் கூப்பனே நினைவுக்கு வரும். 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடு ஹர்த்தால் கண்டது. அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அந்தக் கூப்பன் குடிமகனின் உரிமை. கொடுப்பவனைக் கேள்வி கேட்கும் அதிகாரம் அதனை வைத்திருந்தவனுக்கு இருந்தது. விளையாட்டுக் குறியீடும் ஏறத்தாழ அதே வடிவந்தான். ஆனால் அதன் பின்னால் எந்த உரிமையும் இல்லை. கொடுத்தால் வாங்கிக்கொள், மறுத்தால் பேசாதிரு என்பதே அதன் சட்டம். உரிமையில்லாத இடத்திற் சிறுவரைக் காப்பதற்கு அரசு இருத்தல் வேண்டும்.

பிற நாடுகள் உறங்கவில்லை. பரிசுப் பெட்டிகளை விற்பது தனது சூதாட்டச் சட்டத்துக்கு மாறானது என்று பெல்ஜியம் 2018 இல் அறிவித்தது. ‘போர்ட்னைட்’ விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம், சிறுவரின் விபரங்களைச் சேகரித்தமைக்காகவும் வேண்டாத கொள்வனவில் மக்களைச் சிக்கவைத்தமைக்காகவும் 52 கோடி டொலர் செலுத்த 2022 டிசெம்பரில் அமெரிக்காவில் உடன்பட்டது. கென்ஷின் விளையாட்டை அங்கு விற்கும் நிறுவனம் 2025 ஜனவரியில் 2 கோடி டொலர் செலுத்தவும், 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோரின் சம்மதமின்றிப் பரிசுப் பெட்டி விற்பதை நிறுத்தவும் இணங்கிற்று. பெரும் நிறுவனங்களும் சட்டத்தின் முன் பணியும் என்பதற்கு இவை சான்று.

எமது நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் உண்டு. பிறர் கணக்கினுள் அத்துமீறி நுழைபவனை அது குற்றவாளியாக்குகின்றது. ஆனால் முகமறியாக் கள்வனைக் கடல்கடந்து தேடுவதிலும், கதவைத் திறந்துவைத்த நிறுவனத்தைப் பொறுப்பேற்கச் செய்வது எளிது. ஆகவே நாம் வேண்டுவது இதுதான்: இந்நாட்டுப் பிள்ளைகளுக்குக் குறியீடு வழங்கும் எந்த நிறுவனமும் அதனை விளையாட்டினுள்ளேயே பதியச் செய்தல் வேண்டும், செல்லுபடியாகும் குறியீடுகளையும், அவற்றின் காலக்கெடுவையும், பிராந்தியத்தையும் அங்கேயே அறிவித்தல் வேண்டும், கடவுச்சொல்லை எவருக்கும் கொடுக்கலாகாது என்னும் எச்சரிக்கையைப் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் அப்பெட்டியின் மேலேயே எழுதுதல் வேண்டும். இதற்குக் கோடிக்கணக்கான செலவில்லை. வேண்டியது கட்டாயப்படுத்தும் ஒரு விதி.

விதி வரும்வரை பெற்றோர் செய்யக்கூடியனவும் உண்டு. வங்கிச் செயலி உள்ள தொலைபேசியில் விளையாட்டு வேண்டாம். தவிர்க்கமுடியாவிடில் விளையாட்டுக்கெனத் தனி மின்னஞ்சற் கணக்கொன்றைத் தொடங்குக. அக்கணக்குக்கு இரண்டாம் படிச் சரிபார்ப்பை ஏற்படுத்துக. குறியீடு தருவதாகக் கூறிக் கடவுச்சொல்லோ ஒருமுறை எண்ணோ கேட்பவன் எவனாயினும் கள்வனே என்பதைப் பிள்ளைக்கு ஐயமறச் சொல்லுக. எல்லாவற்றிலும் மேலாக, ஏமாந்த பிள்ளையை அடிக்கவேண்டாம். அடிக்கு அஞ்சிய பிள்ளை நடந்ததை மறைப்பான். அவன் மறைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் கள்வனுக்கு இலாபம். உடனே சொன்னால் கடவுச்சொல்லை மாற்றலாம், வங்கிக்கு அறிவிக்கலாம், இருப்பதைக் காப்பாற்றலாம்.

பரிசை விரும்புவது பிள்ளையின் குற்றமன்று. அந்த விருப்பத்தை வைத்து வருவாய் தேடுவோர், அதனால் வரும் கேட்டுக்கும் கணக்குக் கொடுக்கும்படி செய்தல் அரசின் கடன். அதனைக் கேட்டு வாங்குதல் நம் கடன்.