கருவேலம் எடுத்த தரிசில் கொழுக்கட்டைப் புல்

மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக 2026-ஐ ஐ.நா. சபை அறிவித்துள்ளது. தாயில்பட்டி, வெம்பக்கோட்டை பக்கத்துத் தரிசுகளில் புல்லைவிடச் சீமைக் கருவேலமே அதிகம். பொக்லைன் வைத்து எடுத்தாலும், நிலத்தைச் சும்மா போட்டால் அடுத்த மழையில் மறுபடி முளைக்கும். நெற்றைத் தின்னும் ஆடு மாடுகளே விதையைப் பரப்புகின்றன. எனவே மரத்தை எடுத்த கையோடு புல் விதைக்க வேண்டும்.

நம் மண்ணின் கொழுக்கட்டைப் புல் வறட்சி தாங்கி, பல ஆண்டு நிற்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் உள்ளது. செவல், சரளை மேட்டில் நன்றாக வரும். நீர் தேங்கும் கரிசல் பள்ளத்தில் வேண்டாம். ஏக்கருக்கு 2.5 முதல் 3 கிலோ விதை போதும். புது விதைக்கு 6 முதல் 8 மாத உறக்கம் உண்டு. "முளைக்கவே இல்லை" என்று பலர் கைவிடுவது இதனால்தான். சென்ற ஆண்டு விதையைக் கேட்டு வாங்கி, புரட்டாசிக் கடைசியில் விதையுங்கள். 70-75 நாளில் முதல் அறுப்பு.

கௌதாரியும் காடையும் புல் தூரடியில்தான் முட்டையிடும். கௌதாரி கறையானைத் தின்னும், நமக்கு லாபமே. (மயில் கணக்கு வேறு!) ஒரே நாளில் முழுவதும் அறுக்காமல் ஓர் ஓரத்தை விட்டுவையுங்கள்.

பட்டாசு ஆலையை ஒட்டிய நிலத்தில் மட்டும் இதைப் போடாதீர்கள். கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். அந்த வேலியோரத்தைச் செதுக்கி வெறுந்தரையாக வையுங்கள்.

முதல் ஆண்டு அறுத்துத்தான் போட வேண்டும். வேர் பிடிக்காத தூரை ஆடு பிடுங்கிவிடும்.