நாவுக்குப் பிடித்த தண்ணீர்

எங்களிற் பலருக்குக் கிணற்றுத் தண்ணீரே ருசி. குழாய்நீரில் குளோரின் மணக்கிறதென்று முகம் சுளிக்கிறோம். கையில் காசிருந்தால் போத்தல் தண்ணீர் வாங்குகிறோம். ஆனால், நல்ல தண்ணீர் எது என்பதை நாக்குச் சொல்லாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கியே எங்கள் கிணறுகளுக்கு வருகிறது. தோட்டத்துக்கு அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழிக் கழிவும் அதே வழியால் நைத்திரேற்றாக இறங்குகின்றன. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து.

போத்தல் தண்ணீர் அவசரத்துக்கு உதவும். மாதம் முழுவதும் வாங்குவது இடம்பெயர்ந்த குடும்பத்துக்குக் கட்டுபடியாகாது. வாங்கினாலும், மாட்டுக்கும் பயிருக்கும் கிணறுதான். குழாய்நீரில் மணக்கும் குளோரினோ கிருமியைக் கொல்ல இட்டது. அதற்காக அந்நீரை ஒதுக்க வேண்டியதில்லை.

ஊர் திரும்பும்போது, நெடுநாள் பாவிக்காத கிணற்றை இறைத்து, சேறு அள்ளி, குளோரின் இடுவோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதிப்பித்த பின்னரே குடிப்போம். பசளையை அளவோடு போடுவோம். கிணறு கெட்டால், காணி கிடைத்தும் குடியிருக்க முடியாது.