போகும் முன் சொல்ல வேண்டியது



நம் கடற்கரை ஊர்களுக்குப் பயணம் புதிதன்று. பாட்டனார்கள் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனார்கள். பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். பயணம் போகிறவரை எப்படி வழியனுப்புவது என்பதை நம் வீட்டுப் பெண்மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் போன இடத்தில் சில காலம் வாழ்ந்து, அவ்வூராரின் அன்பைப் பெற்று, பின்னர் அவர்களிடமிருந்து விடைபெற்றுத் திரும்புவது எப்படி? அதை நாம் கற்றிருக்கின்றோமா?

சென்ற மாதம் என் தங்கை மகன் சலாம் சொல்ல வந்திருந்தார். மாலத்தீவில் ஆங்கில ஆசிரியர் பணி, ஓராண்டு ஒப்பந்தம். "மாமா, நீங்கள் அங்கே ஒரு வருடம் இருந்தவர்களாயிற்றே. எதில் கவனமாக இருக்க வேண்டும், சொல்லுங்கள்" என்று கேட்டார்.

"போவதில் ஒன்றும் சிரமமில்லை மருமகனே. திரும்பி வரும்போதுதான் கவனம் வேண்டும். நான் தவறியது அங்கேதான்" என்றேன். அவரிடம் சொன்னதையே இம்மாதம் உங்களிடமும் சொல்கின்றேன்.

மாலத்தீவு நமக்கு அயல்நாடுதான், ஆயினும் அந்நியமில்லை. நம் அடுக்களையில் மணக்கும் மாசிக் கருவாடு அக்கடலின் சூரை மீன்தான். அங்குள்ளோர் அதனை வலை வீசிப் பிடிப்பதில்லை. தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடித்து, அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்துகின்றனர். அவர்கள் படகுக்குப் பெயர் 'தோனி'. இளநீருக்கு 'குரும்பா'. நம் தோணியும் குரும்பையும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? இந்தியாவுக்கு உட்பட்ட மினிக்காய்த் தீவிலும் பேசப்படுவது அவர்களுடைய திவேஹி மொழியே.

ஏறத்தாழ 1,200 தீவுகள் கொண்ட நாடு அது. மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. 1153-ஆம் ஆண்டில் தங்கள் மன்னர் இஸ்லாத்தைத் தழுவினார் என்று தம் வரலாற்றைத் தொடங்குகின்றார்கள். 1960-களில் தலைநகர் மாலேயில் வேரூன்றிய ஆங்கிலவழிக் கல்வி, பின்னர் தீவுகளெங்கும் பரவியது. திவேஹி மொழியும் மார்க்கப் பாடமும் நீங்கலாகப் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில்தான். ஆகவே, தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் அங்கே போகின்றார்கள்.

நான் பணியாற்றியது வடபகுதியிலுள்ள ஒரு சிறு தீவு. பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் ஊர் முழுவதும் கேட்கும். மாணவர்கள் திவேஹி எழுதும்போது, அரபியைப் போல் வலமிருந்து இடமாக எழுதுவார்கள். அவ்வெழுத்துக்குத் 'தானா' என்று பெயர். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்தும், அடுத்த ஒன்பது பழைய திவேஹி எண்களிலிருந்தும் உருவானவை. எண்களை எழுத்தாக்கிக்கொண்ட மக்கள்! அடுத்த மணியில் என் பாடம் வரும். அதே பிள்ளைகள் இடமிருந்து வலமாக ஆங்கிலம் எழுதுவார்கள். முதல் வாரம் நான் வியந்தேன், பின்னர் பழகிவிட்டது.

பழகாத ஒன்றும் இருந்தது. விடைபெறும்போது அவர்கள் 'தனீ' என்பார்கள். போகிறேன் என்று பொருள். நம் வீட்டில் எவரேனும் வாசலில் நின்று, "போகிறேன்" என்று சொன்னால் உம்மாமார்கள் விடுவார்களா? "போய் வருகிறேன் என்று சொல்" எனத் திருத்துவார்கள். முதல் நாள் ஒரு சிறுமி 'தனீ' என்று கூறி வகுப்பை விட்டு இறங்கியபோது எனக்குத் திடுக்கென்றது. போகிறவன் திரும்பி வருவதாக வாக்களிக்காமல், போவதை மட்டும் சொல்கின்றானே என்று எண்ணினேன். அதன் நேர்மை பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

எட்டாம் மாதத்தில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. என் தாயாருக்கு உடல்நலம் குன்றியிருந்தது. ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் ஆண்டு முடிந்ததும் திரும்புவதென முடிவு செய்தேன். பள்ளி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளிடம் மட்டும் சொல்லவில்லை. அவர்கள் முகம் வாடுவதைக் காண எனக்குத் துணிவில்லை.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். தந்தை உல்லாசத் தீவொன்றில் பணியாளர். மாதத்தில் சில நாட்களே வீட்டில் இருப்பார். என்னிடம் ஆங்கிலம் கற்பதில் அவனுக்குத் தனி ஆர்வம். ஒரு நாள் மாலை அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில் கேட்டான்: "ஸர், அடுத்த ஆண்டும் வருவீர்களா?"

நான் சிரித்துக்கொண்டே, "இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

சகோதரர்களே, இங்கேதான் என் குற்றம் இருக்கின்றது. நாளை இதைச் செய்வேன் என்று எதையும் அல்லாஹ்வின் நாட்டத்தைச் சேர்க்காமல் கூறலாகாது என்பதை சூரா கஹ்ஃபின் 23, 24-ஆம் வசனங்கள் நமக்குக் கற்பிக்கின்றன. செய்வதென உறுதி கொண்டவன், தன் உறுதிக்கு மேல் இறைவனின் நாட்டம் இருக்கின்றது என ஒப்புக்கொள்ளும் சொல் அது. வருவதில்லை என்று முடிவு செய்துவிட்ட நான், இல்லை என்று சொல்லும் சங்கடத்திலிருந்து தப்புவதற்கு அந்தத் தூய சொல்லைத் திரையாகப் பிடித்துக்கொண்டேன். கடன் கேட்டு வருகிறவரிடமும், திருமணத்துக்கு அழைப்பவரிடமும், "வாப்பா எப்போது வருவீர்கள்?" எனக் கேட்கும் குழந்தையிடமும் நாம் எத்தனை முறை இவ்வாறு சொல்லியிருப்போம்!

புறப்பட இரண்டு வாரங்கள் இருந்தன. கடலோரப் பந்தலில் ஊரார் அமர்ந்திருந்தபோது, சக ஆசிரியர் ஒருவர் பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னார். அந்த மாணவனை மாலேயிலுள்ள உறவினர் வீட்டில் தங்க வைத்துப் படிக்கச் செய்ய அவன் பெற்றோர் ஏற்பாடு செய்திருந்தார்களாம். அவனோ, "ஆங்கில ஸர் அடுத்த ஆண்டும் வருகிறார்கள். நான் இங்கேயே படிக்கிறேன்" என்று மறுத்துவிட்டானாம். பெற்றோரும் இசைந்துவிட்டார்கள். பள்ளியில் இடம் கேட்பதற்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. யமன் நாட்டுக்குப் புறப்பட்ட முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களின் நினைவு வந்தது. மக்களுக்கு மார்க்கம் கற்பிக்க அவர்களை அனுப்பிய வேளையில், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உடன் நடந்து வந்து வழியனுப்பினார்கள். முஆத் வாகனத்தின் மீது. நபியவர்கள் தரையில் நடந்தவாறு. உபதேசங்கள் யாவும் கூறி முடித்த பின், இந்த ஆண்டிற்குப் பிறகு தம்மை அவர் சந்திக்காமல் போகலாம் என்பதையும், திரும்பும்போது தம் பள்ளிவாசலையும் கப்ரையுமே அவர் கடந்து செல்லக்கூடும் என்பதையும் அவரிடம் தெரிவித்தார்கள். முஆத் (ரலி) அழுதார்கள்.

எவ்வளவு அன்பு! ஆயினும், அன்பின் பொருட்டு அங்கே உண்மை மறைக்கப்படவில்லை. அழுகை வரும் என்று அறிந்தும் சொல்ல வேண்டியது சொல்லப்பட்டது. ஒரு சிறுவனின் வாடிய முகத்துக்கு அஞ்சி நான் மறைத்தேனே!

மறுநாள் மக்ரிபுக்குப் பின் அவன் வீட்டுக்குச் சென்றேன். தந்தை ஊரில் இல்லை. தாயாரும் பாட்டியாரும் இருந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரிந்த திவேஹி கடைவீதிக்கு மட்டுமே போதுமானது. ஆகவே, என் பேச்சை அவனே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

"நான் அடுத்த ஆண்டு வரமாட்டேன். உங்கள் மகன் கேட்டபோதே அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டேன். அவர் அதை நம்பியதில் பிழையில்லை, பிழை என்னுடையது. அவரை மாலேக்கு அனுப்புங்கள். என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

முதல் வாக்கியத்திலேயே அவன் நின்றுவிட்டான். என்னைப் பார்த்தான். பின்னர் தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தான். நான் கற்பித்த ஆங்கிலத்தால்தான் என் குற்றத்தை அவன் தன் தாயாருக்கு எடுத்துச் சொன்னான். ஓராண்டில் நான் கேட்ட மொழிபெயர்ப்புகளில் அதைப் போல் பிழையற்றது வேறில்லை.

தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஏதோ கூறினார்கள். அவன் என்னிடம் சொன்னான்: "படகு ஏறுவதற்கு முன்பே ஸர் சொல்லிவிட்டார்களே, அல்ஹம்துலில்லாஹ் என்கிறார்கள் உம்மா." பாட்டியார் உள்ளே சென்று தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். அவன் அருந்தவில்லை.

அதன் பிறகு வகுப்பு முழுவதற்கும் உண்மையைச் சொன்னேன். கடைசிப் பாடமாகக் 'குட்பை' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். 'காட் பி வித் யீ', அதாவது 'இறைவன் உம்முடன் இருப்பானாக' என்னும் வாக்கியம் நாளடைவில் சுருங்கி அச்சொல்லாயிற்று. அது ஒரு துஆ. திரும்பி வருவதாக அதில் எந்த வாக்கும் இல்லை. பயணம் போகிறவருக்காக நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த துஆவும் அத்தகையதே. அவருடைய மார்க்கத்தையும் அமானிதத்தையும் செயல்களின் முடிவையும் அல்லாஹ்விடம் ஒப்படைப்பது அதன் கருத்து. மார்க்கத்தோடு அமானிதத்தையும் சேர்த்துச் சொன்னதன் பொருளை அன்றுதான் நான் உணர்ந்தேன். ஓர் ஊரில் ஓராண்டு வாழ்ந்தவனிடம் எத்தனை அமானிதங்கள்! இரவல் வாங்கிய பாத்திரம், கடைக்காரரின் பாக்கி, திருத்தாத நோட்டுகள், பிறர் நம்பி வைத்த சொற்கள்.

பழைய காலத்துப் பயணி ஒருவரும் இந்தச் சோதனையைக் கண்டவரே. 1343, 1344-ஆம் ஆண்டுகளில் இப்னு பதூதா அத்தீவுகளில் காழியாக இருந்தார். அங்கிருந்து புறப்பட்டு, இலங்கையில் பாவா ஆதம் மலை ஏறி, நம் மஅபர் கரையில் இறங்கி, மதுரை சுல்தானிடம் வந்தார். பின்னர் மீண்டும் மாலத்தீவுக்குப் போனார். அங்கே தமக்குப் பிறந்திருந்த சிறு மகனைத் தம்மிடம் கொண்டுவரச் செய்தார். ஆனால், பிள்ளை அவ்வூராரிடம் இருப்பதே அவனுக்கு நன்று என்று எண்ணி, அவர்களிடமே ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார். அவர் செய்ததைப் பற்றிப் பலரும் பலவாறு கூறலாம். போகிறவன் தன் மனநிறைவைப் பார்க்காமல் இருக்கின்றவரின் நலனைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கின்றேன்.

புறப்படும் நாள் வந்தது. சுபுஹு தொழுத கையோடு படகுத்துறைக்குச் சென்றேன். ஊராரில் பலர் வந்திருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று கை கொடுத்தார்கள். அவன் வரிசையில் இல்லை. விசைப்படகின் கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் ஓடி வந்தான். செய்தித்தாளில் சுற்றிய மாசிக் கட்டு ஒன்றை என் கையில் வைத்து, "உம்மா கொடுத்தார்கள்" என்றான். பிறகு, "குட்பை, ஸர்" என்றான். மீண்டும் எப்போது பார்ப்போம் என்று அவன் கேட்கவில்லை.

நான் 'தனீ' என்றேன்.

மாலேயில் விமானத்துக்குக் காத்திருந்த பொழுதில், 1658-இல் பவளப் பாறைகளைச் செதுக்கிக் கட்டிய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுதேன். அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான் தொலைவு. சில வாரங்களில் சக ஆசிரியரின் கடிதம் வந்தது. அந்த மாணவன் மாலேயில் ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டான் என்று எழுதியிருந்தார். அவனிடமிருந்து கடிதம் ஏதும் வரவில்லை. அதைக் கேட்டு வாங்கும் உரிமையும் எனக்கில்லை.

என் மருமகனுக்குச் சொன்ன அறிவுரை இதுதான். அங்கே போனதும் பிள்ளைகளிடம் ஓராண்டுக்கு வந்திருப்பதாக முதல் நாளே சொல்லிவிடு. இரவல் பொருளைக் கடைசி வாரத்துக்கு வைக்காதே. திரும்புவதென முடிவு செய்தால், நிர்வாகத்திடம் சொன்ன அன்றே வகுப்பிலும் சொல். வரும் எண்ணம் இருந்தால் மட்டும் 'இன்ஷா அல்லாஹ்' என்று சொல். எண்ணம் இல்லையென்றால் 'இல்லை' என்று அன்போடு சொல். பிள்ளைகள் அழுதால் அழட்டும். அந்த அழுகை ஆறிவிடும்.

மருமகன் எழுந்து முஸாபஹா செய்தார். "போய் வருகிறேன், மாமா" என்றார். "இன்ஷா அல்லாஹ்" என்றேன். இம்முறை அதன் பொருளோடு சொன்னேன்.

வல்ல அல்லாஹ் நம் சொற்களை உண்மையாக்கி, நம் பயணங்களையும் விடைபெறுதல்களையும் அமானிதம் பிசகாதவையாக ஆக்கி அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.