நெம்புகோல் துப்பாக்கியும் நாமும்



"உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டவர்கள் சென்ற மாதம் வரை நம் மன்றத்தில் பலர். "எங்கே வாங்கினாய்? எனக்கும் ஒன்று கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் இந்த மாதம் ஆறு பேர். போதாக்குறைக்கு, ஆண்டு விழா நாடகத்தில் அதை மேடையேற்ற வேண்டுமென்று நாடகக் குழுவினர் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்லி வாய் வலிக்கிறது. ஆகவே மலரின் ஆசிரியர் தந்த இந்த இரண்டு பக்கங்களில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டுத் திட்ட விரும்புவோர் தாராளமாகத் திட்டலாம்.

நான் வாங்கியது நீண்ட குழலுடைய ஒரு காற்றுத் துப்பாக்கி. பொருட்காட்சியில் பலூன் சுடக் கொடுப்பார்களே, அந்த வகையன்று. 1894-ஆம் ஆண்டு வின்செஸ்டர் ரைபிளின் அச்சு அசலாக, ஜெர்மனியின் வால்தர் நிறுவனம் செய்தது. விசையைச் சுற்றியுள்ள வளையத்தோடு சேர்ந்து ஒரு நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த குண்டு தயார். உள்ளே இருப்பது வெடிமருந்தன்று. கட்டைக்குள் ஒளிந்திருக்கும் கரியமில வாயுக் குப்பிதான் எட்டு ஈயக் குண்டுகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுகிறது.

இந்த ஆசை நம்மில் பலருக்கு அமெரிக்காவிலிருந்து வந்ததன்று; சிவகாசியிலிருந்து வந்தது! லயன் காமிக்ஸில் இரவுக் கழுகு டெக்ஸ் வில்லர் வின்செஸ்டரைத் தூக்கும் பக்கங்களைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படிக்காதவர் யார்? நம் தந்தையர் தலைமுறைக்கு 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972) படங்களில் ஜெய்சங்கர் தொப்பியும் குதிரையுமாக வந்தார். அரிசோனா எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாத வயதிலேயே அந்த ஊர்த் துப்பாக்கியின் 'கிளிக்' ஓசை நமக்கு மனப்பாடம்.

பெங்களூருக்கு வந்த பிறகு அந்த ஆசைக்கு உள்ளூர்க் காரணம் ஒன்றும் கிடைத்தது. சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடையொன்றில் கென்னத் ஆண்டர்சன் எழுதிய வேட்டை நூலை வாங்கினேன். 1910-இல் பிறந்து 1974-இல் இதே நகரில் மறைந்தவர் அவர். இங்குள்ள விமானத் தொழிற்சாலையில் வேலை. ஓய்வு கிடைத்தால் காடு. 1954-இல் வெளிவந்த முதல் நூல் தொடங்கி அவர் எழுதியவற்றைப் புரட்டினால் ஜவளகிரி, பென்னாகரம், ஏலகிரி என்று நம் ஊர்ப் பெயர்களாகவே வருகின்றன. ஆட்கொல்லிப் புலியையும் சிறுத்தையையும் தேடி அவர் அலைந்தபோது கையில் இருந்தது நெம்புகோல் துப்பாக்கிதான்; 1895-ஆம் ஆண்டு மாதிரி, .405 வின்செஸ்டர். அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்கக் காட்டுக்குக் கொண்டுபோனதும் இதே இனந்தான். ஓசூரைத் தாண்டியவுடன் வருகிற காட்டில், நம்மூர்ப் பூசாரிகளையும் வேட்டைக்காரர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு ஒருவர் அதைச் சுமந்து நடந்தார் என்று அறிந்தபோது, என் கைகள் சும்மா இருக்க மறுத்துவிட்டன.

அந்த 1895 மாதிரியைப் பற்றி ஒரு சொல். பழைய வின்செஸ்டர்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள நீண்ட குழாயில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். பின்னால் நிற்கும் தோட்டாவின் மூக்கு, முன்னால் நிற்பதன் அடியிலுள்ள வெடிப்பொட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால் அதிர்ச்சியில் அதுவே வெடிக்க வைத்துவிடலாமல்லவா? ஆகவே மழுங்கிய குண்டுதான் போட வேண்டும். ஜான் பிரௌனிங் என்ற மேதை 1895-இல் அந்தக் குழாயை எடுத்துவிட்டு, தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டியை நடுவில் வைத்தார். கூர்முனைக் குண்டும் பெரிய தோட்டாவும் உள்ளே போக வழி பிறந்தது. முதல் உலகப் போரில் ரஷ்யப் பேரரசு ஏறத்தாழ மூன்று இலட்சம் துப்பாக்கிகளை இந்த மாதிரியில் வாங்கியது. பொறியியல் படிக்கும் தோழர்கள் இதையும் ஒரு பாடமாகக் கொள்ளலாம்.

உண்மையான வின்செஸ்டரையோ, இத்தாலியில் உபெர்ட்டி போன்ற நிறுவனத்தார் செய்யும் நகல்களையோ மாணவன் வாங்க முடியுமா? முடியாது. நகலானாலும் அது மெய்யான தோட்டாவைச் சுடுவது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் இருந்தாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் வாசல், பெயர் பெற்ற போட்டி வீரர்களைத் தவிர மற்றவர்களுக்கு 1980-களிலேயே அடைக்கப்பட்டுவிட்டது. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. காற்றுத் துப்பாக்கிக்கு மட்டும் சற்றே இடமுண்டு. குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாதிருந்தால், 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவையில்லை. இந்தச் சிறு சந்தில்தான் நான் நுழைந்தேன். ஓய்வு பெற்ற ஒரு முதியவர் தம் சேகரிப்பிலிருந்து விற்றார். என் உதவித்தொகையில் ஒரு மாதம் முழுவதும் போயிற்று. அந்த மாதம் நான் யார் யார் அறையில் சாப்பிட்டேன் என்பதை அவரவர் அறிவர்.

தேன்கனிக்கோட்டைக்கு அருகில் என் மாமாவுக்குத் தோட்டம் இருக்கிறது. அங்கே மண்மேடு ஒன்றைக் கட்டி, பத்து மீட்டர் தூரத்தில் காகிதத்தை ஒட்டினேன். முதற்குப்பி வாயுவை டெக்ஸ் வில்லராகவே தீர்த்தேன். தள்ளு, இழு, சுடு. தள்ளு, இழு, சுடு! காகிதத்தில் ஓட்டை விழுந்தவை சில. மேட்டில் புதைந்தவை பல. போகப் போகக் குண்டு கீழே கீழே இறங்கியது. துப்பாக்கியைக் குறை கூறினேன். குற்றம் என்னுடையது. திரவமாக அடைபட்டிருக்கும் வாயு ஆவியாகும்போது குப்பி குளிர்கிறது. குளிர்ந்தால் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் குண்டின் வேகமும் குறைகிறது. விரைந்து சுடுவதற்கென்றே பிறந்த வடிவம். விரைந்து சுட்டால் கைவிட்டுவிடும் இயந்திரம். என்ன பொருத்தம்!

இரண்டாவது குப்பியில் ஒரு குண்டுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். மூச்சை அரைவாசி விட்டு நிறுத்தி, பின்குறியையும் முன்குறியையும் ஒன்றாக்கி, விசையை இழுக்காமல் அழுத்தினேன். அப்போதுதான் நீண்ட குழலின் அருமை தெரிந்தது. இரு குறிகளுக்கும் இடைவெளி கூடக் கூட, கை செய்யும் சிறு பிழையும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. மாலைக்குள் ஐந்து குண்டுகள் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. தேர்வில் முதலிடம் பெற்றபோதும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. (முதலிடம் பெற்றதில்லை என்பது வேறு விஷயம்.) அருகிலேயே காடு இருந்தது. "அந்தப் பக்கம் இதை எடுத்துக்கொண்டு ஒரு அடி வைத்தாயானால் இனி இங்கே வராதே" என்றார் மாமா. ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவது குற்றம் என்பது அவருக்குத் தெரியும். கொக்கையும் மைனாவையும் குறிபார்க்கும் கோழைத்தனத்துக்கும் அவர் தோட்டத்தில் இடமில்லை.

இதுவரை எல்லாம் இன்பக்கதை. அடுத்தபடியாகத்தான் நான் தவறு செய்தேன். தோட்டத்தில் விட்டு வந்திருக்க வேண்டியதை, நண்பர்களுக்குக் காட்டும் ஆசையால், பையில் சுற்றி விடுதிக்குக் கொண்டுவந்தேன். அது விடுதி விதிக்கு முரண். அறையில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள், ஆளுக்கொரு நிழற்படம். குண்டும் இல்லை, வாயுவும் இல்லை. இருமுறை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அப்போது நம் இரவுக் காவலர் பெரியவர், கதவு திறந்திருக்கிறதே என்று எட்டிப் பார்த்தார். தோழன் ஒருவன் சிரித்துக்கொண்டே நெம்புகோலை இழுத்து அவரை நோக்கி நீட்டினான். அவன் பெயரை எழுதமாட்டேன். என்னைவிட அவன் இன்று வெட்கப்படுகிறான்.

பெரியவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த விளக்கு கீழே விழுந்தது. இரு கைகளும் தலைக்கு மேல் போயின. கண்கள் எங்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தன. அந்தக் கைகள் யோசித்துத் தூக்கிய கைகளல்ல. முன்பே பழகிய கைகள்.

நான் ஓடிப்போய், "பெரியவரே, இது வெறும் காற்றுத் துப்பாக்கி, உள்ளே ஒன்றுமில்லை" என்று பிதற்றினேன். அவர் மெல்ல விளக்கை எடுத்துக்கொண்டு சொன்னார்: "உள்ள இருக்கறது காத்தா மருந்தான்னு பாத்துட்டா தம்பி மனுசன் கைய தூக்குவான்?"

அவர் மேட்டூருக்கு அப்பால் கொளத்தூர்ப் பக்கத்துக்காரர். வீரப்பன் காலத்தில் அந்தக் காட்டோர ஊர்களில் வாழ்ந்தவர். 2004 அக்டோபர் 18-இல் வீரப்பன் சுடப்பட்டு இறக்கும் வரை, அந்த மக்கள் அவனது துப்பாக்கிக்கும் அவனைத் தேடியவர்களின் துப்பாக்கிக்கும் நடுவில் இருந்தார்கள். தேடுதலின்போது கொடுமைக்கு ஆளானவர்களில் 89 பேருக்கு 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி தேசிய மனித உரிமை ஆணையம் 2007-இல் கூறியது. இது ஏட்டில் உள்ள செய்தி. பெரியவரிடம் துப்பாக்கியை முன்பு நீட்டியவர் யார் என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் துணிவு எனக்கும் இல்லை. ஆண்டர்சனின் வின்செஸ்டர் நடந்த காடும் இவருடைய காடும் காவிரியின் கரையோரமாகத் தொடர்ந்து கிடப்பவைதாம். நான் புத்தகத்தில் படித்துச் சிலிர்த்த காட்டை அவர் வேறு விதமாகப் படித்திருக்கிறார்.

ஆகவே ஆறு தோழர்களுக்கும் என் கருத்து இது: வாங்காதீர்கள். சுடும் ஆசையால் கேட்கிறீர்கள் என்றால் நான் மறுக்கமாட்டேன். நீங்கள் கேட்பது தோற்றத்தை. நிழற்படத்தில் மெய்யான துப்பாக்கி போல் தெரிகிறதே என்பதுதான் அதற்கு நீங்கள் தரும் விலை. மெய்யானது போல் தெரிவதாலேயே, எதிரில் நிற்பவனுக்கு அது மெய்யானது. "விளையாட்டுக்குத்தானே" என்பது துப்பாக்கியின் பின்னால் நிற்பவன் பேச்சு.

"அப்படியானால் குடகர்கள்?" என்று ஒரு தோழர் மடக்கினார். நல்ல கேள்வி. ஆங்கிலேயர் காலத்திலிருந்து குடகர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2019-இல் அது மீண்டும் 2029 வரை நீட்டிக்கப்பட்டது. கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021-இல் அதை ஏற்றது. கைல்பொள்து விழாவில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குகிறார்கள். தேங்காயைக் குறிவைத்துச் சுட்டுப் போட்டியிடுகிறார்கள். அங்கே பிள்ளைக்கு முதற்பாடம் சொல்ல வீட்டில் பெரியவர் இருக்கிறார். நம் விடுதி அறையில் யார் இருந்தார்? கைப்பேசி இருந்தது!

சுடத்தான் வேண்டும் என்ற ஆசை மெய்யாக இருப்பவர்கள் முறையான பயிற்சிக் களத்துக்கு வாருங்கள், நானும் வருகிறேன். அங்குள்ள போட்டித் துப்பாக்கி எந்தப் படத்துக் கதாநாயகன் கையிலும் பொருந்தாது; தையல் இயந்திரத்துக்கும் மருத்துவக் கருவிக்கும் பிறந்தது போலிருக்கும். பத்து மீட்டர் தூரத்தில் காகிதத்தின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். பாயும் குண்டோ நாலரை மில்லிமீட்டர். நின்றபடி அறுபது குண்டுகள், ஒன்றே கால் மணி நேரம். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். அவர் குறிபார்க்கும் நிழற்படத்தையும் நாம் எடுத்துக்கொண்ட நிழற்படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாருக்கு என்ன வேண்டியிருந்தது என்று தெரியும்.

நாடகக் குழுவினருக்கு ஒரு சொல். கதை 19-ஆம் நூற்றாண்டுப் பாளையக்காரர் போர். உங்களுக்கு நெம்புகோல் துப்பாக்கி எதற்கு என்று எனக்கு முதலிலேயே புரியவில்லை. வில்லும் வேலும் அட்டையில் செய்பவர்கள் துப்பாக்கியையும் மரத்தில் செய்துகொள்ளலாம். தச்சுக்கூலியை நான் தருகிறேன். மற்றபடி, என்னுடையது இப்போது மாமா வீட்டு இரும்பு அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு போகிறேன். குப்பி ஒன்று, காகிதம் நான்கு. சாவி மாமாவிடம். அவர் கன்னடத்தில் கேட்டாலும் கொடுக்கமாட்டார், தமிழில் கேட்டாலும் கொடுக்கமாட்டார்.